சின்னக் கடைக்குப் பெரிய மரியாதை

சிறுதொழில் செய்பவரை இந்த நாடு கணக்கில் எடுப்பதில்லை என்று சொல்பவர்கள் புத்தூர்ப் பக்கம் வந்து பார்க்காதவர்கள். இங்கே ஒரு பெண் ஐந்து கிலோ செத்தல் மிளகாயும் அதற்கேற்ற மல்லியும் வறுத்து, மில்லில் கொடுத்து அரைப்பித்து, யாழ்ப்பாணத்துத் தூள் என்று பை கட்டி விற்கலாம் என நினைக்கட்டும். அடுப்பு மூட்ட முதலே அவளைக் கணக்கில் எடுக்க எத்தனை கந்தோர்கள் காத்திருக்கின்றன என்று பாருங்கள். கொழும்பில் பெரிய கம்பனி வைத்திருப்பவருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அவருக்காக அலையக் கணக்காளர் ஒருவரும் சட்டத்தரணி ஒருவரும் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். எங்கள் பெண்ணோ அரசாங்கத்தின் திருமுகங்கள் அத்தனையையும் தானே நேரில் கண்டு வரும் பேறு பெற்றவள்.

முதல் மரியாதை பெயருக்கு. 1918ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம் நூறு வயது தாண்டியும் திடகாத்திரமாக இருக்கிறது. தன் சொந்தப் பெயரில் விற்றால் பதியத் தேவையில்லை. அம்மன் பெயரையோ பிள்ளையின் பெயரையோ வைக்க ஆசைப்பட்டால் விதானையாரின் உறுதிப்படுத்தலோடு கோப்பாயிலுள்ள பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். பதியாமலே விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தப் பெயருக்குக் கடைக்காரர் காசோலை எழுதினால், பதிவுச் சான்று இல்லாமல் வங்கி அதை மாற்றிக் கொடுக்காது.

அடுத்தது பிரதேச சபை. இங்கே மனம் திறந்து பாராட்ட வேண்டியிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வியாபார உரிமத்துக்கு அறவிடக்கூடிய உச்சத் தொகையை, இடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பார்த்து, 500, 750, 1000 ரூபாய் என்று வகுத்தது. இத்தனை வருடமாக விலை ஏறாத சாமான் இந்தத் தீவில் வேறு இருந்தால் சொல்லுங்கள். அந்தக் கடதாசியை எடுக்க விடும் வேலை நாளையும், ஓட்டோக் கூலியையும், “ஐயா வெளியில போயிட்டார், நாளைக்கு வாங்கோ அக்கா” என்ற பதிலுக்காகத் திரும்ப விடும் இன்னொரு நாளையும் யாரும் பற்றுச்சீட்டில் எழுதுவதில்லை. அவ்வளவு பெருந்தன்மை. டிசம்பர் 31ஆம் திகதியோடு உரிமம் முடிந்துவிடும். புது வருடத்தில் பழைய முகங்களை மறந்துவிடக் கூடாது என்ற அக்கறையாக இருக்கலாம்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அடுப்படியைப் பார்த்துப் போன பிறகு பை வருகிறது. உள்ளங்கை அளவு நூறு கிராம் பை. அதன் முகத்தில் பொருளின் பெயர், சேர்ந்தவற்றின் பட்டியல், தேறிய நிறை, தொகுதி இலக்கம், செய்த திகதி, காலாவதித் திகதி, செய்தவரின் முகவரி, விலை எல்லாம் இருக்க வேண்டும். ஒரு சட்டியில் வறுத்து ஒரே நாளில் கட்டிய பதினைந்து பைகளுக்குத் தொகுதி இலக்கம் போடும்போது, பெரிய தொழிற்சாலை நடத்துவதாக ஒரு எண்ணம் வரும். அந்த எண்ணத்தை அரசு இலவசமாகவே தருகிறது. பை அச்சடிப்பவர் மட்டும்தான் ஆயிரக்கணக்கில் எடுத்தால் அடித்துத் தருவேன் என்று நிற்கிறார்.

தூள் நன்றாக ஓடுகிறது, பை கட்ட அயல் வீட்டுப் பிள்ளையைச் சம்பளத்துக்கு வைக்கிறாள் என்று வையுங்கள். அந்த நிமிடமே அவள் தொழில் தருநர். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்துக்கு ஒரு ஊழியரும் ஊழியர்தான். ஆயிரம் பேரை வைத்திருக்கும் வங்கிக்கும் அவளுக்கும் ஒரே சட்டம். பிள்ளையின் சம்பளத்தில் 8 வீதம், தன் கையிலிருந்து 12 வீதம், அதற்குமேல் 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய், 2026 ஜனவரியில் 30,000. இதில் நான் வாய் திறக்க மாட்டேன். கை நடுங்கும் வயதில் ஒரு சதமும் இல்லாமல் நிற்கும் தோட்டக் கூலிக்காரரை எங்கள் ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நிதி சேரத்தான் வேண்டும். சேர்ந்த நிதியை அரசு எவ்வளவு உயர்வாக மதிக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, திறைசேரி முறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்றி நாட்டைத் தூக்கி நிறுத்தும் பெருமையை வங்கிகளுக்குக் கூடக் கொடுக்கவில்லை. ஓய்வுகால நிதிகளுக்குத்தான் கொடுத்தார்கள். பை கட்டும் பிள்ளையின் எட்டு வீதமும் தேசத்துக்குத் தோள் கொடுத்திருக்கிறது. அவளுக்கு இன்னும் தெரியாது.

இனி இறைவரி. 2024 தொடக்கத்தில் பதினெட்டு வயது நிரம்பிய எல்லோரும் வருமானம் உண்டோ இல்லையோ வரி செலுத்துநர் இலக்கம் எடுக்க வேண்டும், தவறினால் 50,000 ரூபாய் வரை தண்டம் என்று அறிவித்தார்கள். வேலை தேடும் பெடியனையும் வரி செலுத்துநர் என்று அழைத்த முதல் அரசு இதுவாகத்தான் இருக்கும். வேலை கொடுக்க முடியாவிட்டாலும் பட்டம் கொடுக்கலாம் அல்லவா.

எங்கள் பெண்ணுக்கு வருமான வரி வராது. 2025 ஏப்ரலிலிருந்து தனியாள் விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம். மாதம் ஒன்றரை இலட்சம் தேறிய லாபம் தூளில் வரும் நாளில் அவள் முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதம் என்று சந்தோசமாகக் கட்டுவாள். அதுவரை அவளை வெறும் ஆளாக விட்டுவிட அரசுக்கு மனம் வருவதில்லை. சீட்டுக் காசை நிலையான வைப்பில் போட்டால் வட்டியில் 10 வீதத்தை வங்கியே பிடித்து வைக்கிறது; 2025 ஏப்ரல் வரை அது 5 வீதம். வரிக்கு உட்படாதவர் வரி இலக்கத்தோடு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். அருமையான ஏற்பாடு. வரி கட்ட வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுப்பதற்கு முதலில் வரி செலுத்துநராகப் பதிய வேண்டும். படிவம் இருப்பதை வங்கி கவுண்டரில் யாராவது வாய் திறந்து சொல்லிவிட்டால் அந்த வருடம் நல்ல வருடம்.

வற் வரியில் அவளுக்கு இன்னும் உயர்ந்த இடம். பதிவு செய்யவேண்டிய எல்லை 2024இல் வருடத்துக்கு ஆறு கோடி ரூபாய் புரள்வு. அவள் எட்டாத உயரம். எனவே அவள் வற் அறவிடத் தேவையில்லை, செலுத்த மட்டும் செய்யலாம். 2024 ஜனவரியில் வற் 18 வீதமானபோது காஸுக்கும் பெற்றோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலக்கும் போனது. காஸ் சிலிண்டரில் 18 வீதம், பொலித்தீன் பையில் 18 வீதம். பதிந்த பெரிய கம்பனி தான் வாங்கும்போது கொடுத்த வற்றைத் தான் விற்கும்போது அறவிட்டதிலிருந்து கழித்துக்கொள்ளும். பதியாதவளுக்குக் கழிக்கும் சிரமமும் இல்லை. கொழும்புச் சுப்பர் மார்க்கட்டுக்குக் கொடுக்கப் போனால் வற் பற்றுச்சீட்டு கேட்பார்கள். விருப்பத்தின் பேரில் பதியலாம். பதிந்தால் மாதாமாதம் 20ஆம் திகதிக்குள் கட்டணமும், காலாண்டுக்கு விபரத்திரட்டும், அவற்றை எழுதத் தெரிந்த ஒருவரும். அந்த ஒருவரின் மாதக் கட்டணம் பல நேரம் தூளின் லாபத்தை விடக் கூட. ஆனாலும் ஒரு ஊர்ப் பெண் கணக்காளர் வைத்திருக்கிறாள் என்றால் யாருக்குத்தான் பெருமை இல்லை?

ஒருகாலத்தில் அரசு தாராளமாகவும் கொடுத்தது. 2019 டிசம்பரில் வற் 8 வீதமானது. 2020 ஜனவரியில் பதிவு எல்லை முப்பது கோடியாக உயர்ந்தது, தனியாள் விலக்கு முப்பது இலட்சமானது. 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி இறக்குமதிச் சீனிக்கான கிலோ வரி 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைந்தது. இருபத்தைந்து சதம்! அந்த நாணயத்தைச் சின்னப் பிள்ளைகள் கண்டிருக்க மாட்டார்கள், அரசு நினைவு வைத்திருந்தது. சீனியின் விலை குறைந்ததாகப் புத்தூர்ச் சந்திக் கடைகளில் யாரும் கண்டதில்லை. இலாபம் இறக்குமதியாளரின் வீட்டு விசேசமாக முடிந்தது. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு, அன்று விருந்து சாப்பிடாதவர்களும் இலை எடுக்க வேண்டும் என்று முறையாக அழைக்கப்பட்டோம். இலை எடுக்கக் கூப்பிடும்போது எங்கள் முகவரி அவர்களுக்குத் தடக்கவே இல்லை.

தனியாளாக இருந்தால் சின்ன மரியாதைதான், கம்பனியாகப் பதிந்தால் வேறு தரம் என்று அயலில் ஒரு பெடியன் சொன்னான். லண்டன் கம்பனி ஒன்றுக்கு வீட்டு அறையில் இருந்தே மென்பொருள் எழுதுகிறவன். அவனுக்கும் 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு உச்சமாக 15 வீத வரி. அதுவரை விலக்கு இருந்தது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பதிந்தால் ஒரு செயலாளர் வேண்டும், வருடாந்த விபரத்திரட்டு வேண்டும், நட்டம் வந்தாலும் இறைவரிக்கு விபரத்திரட்டு வேண்டும். அது பிந்தினால், வரி பூச்சியம் என்றாலும் தண்டம் 50,000 ரூபாய், அதன்மேல் பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000, மொத்தம் நாலு இலட்சம் வரை. வரியை விடத் தண்டம் கூடும் அபூர்வக் கணக்கு. பூச்சியத்திலிருந்து இவ்வளவு எடுக்கத் தெரிந்தவர்கள் திறைசேரியை எப்படி வெறுமையாக்கினார்கள் என்பதுதான் எனக்குப் புரியாத ஆச்சரியம்.

இத்தனை படிவங்களும் எங்கே போகின்றன? கொழும்பு 2இல், சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் இறைவரித் திணைக்களத்தின் தலைமையகம் நிற்கிறது. கார்டினர் ஒரு தமிழ் வியாபாரி; 1928இல் சிலோன் தியேட்டர்ஸைத் தொடங்கியவர். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. அரச கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்து, அயலூரில் யாரையாவது பிடித்து வாசிப்பிக்கும் வேளைகளில், முகவரியிலாவது ஒரு தமிழ்ப் பெயர் இருப்பது ஆறுதல். எங்கள் நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்ததாக முன்னோர் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊருக்குப் புத்தூரில் போட்ட படிவம் என்றோ ஒருநாள் கொழும்பில் மிதக்கும் என்று நம்புவது கஷ்டமில்லை.

சரி, மில்லும் சொந்தமாக வைப்போம் என்று வங்கிக்குப் போகிறாள். காணி அவள் பேரில், சீதன உறுதியில். இங்கேதான் சட்டம் உச்சக்கட்ட மரியாதை செய்கிறது. 1706இல் ஒல்லாந்தர் பணித்து, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்வையிட்டு 1707இல் நிறைவாகிய தேசவழமையின் நிழலில், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் இன்றும் வாழ்கிறது. அதன்படி மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் காணியை விற்க அவளது சம்மதம் வேண்டியதில்லை. ஆண்பிள்ளையைத் தொந்தரவு செய்யலாமா. கணவன் விட்டுப்போனாலும், எங்கே என்று தெரியாமல் போனாலும் வழி இருக்கிறது: மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து நீதிபதியிடம் அனுமதி வாங்கலாம். வருடக்கணக்காகக் கணவனைத் தேடித் திரிபவளுக்கு, அவன் இல்லை என்பதை நீதிமன்றத்தில் நிரூபித்து, இருக்கிறான் போல அவனது சம்மதத்தை ஈடுசெய்யும் அரிய வாய்ப்பு. பணம், நகை, மாடு, மெஷின் எல்லாம் அவள் இஷ்டம்; மண் மட்டும்தான் ஒரு ஆணின் கையெழுத்தைக் கேட்கிறது. இத்தனை திருத்தச் சட்டங்கள் போட்ட பாராளுமன்றங்கள் இதில் கை வைக்கவில்லை. எங்கள் மரபுக்கு அவ்வளவு மதிப்பு. எங்கள் அரசியல்வாதிகளும் அதில் குறை வைத்ததில்லை.

அவளுக்கு வங்கிக் கடன் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள். வருத்தம் வேண்டாம். வற் எல்லை 2020இல் முப்பது கோடி; 2022 ஒக்டோபரில் எட்டுக் கோடி; 2024இல் ஆறு கோடி. 2026க்கான வரவுசெலவுத் திட்டத்தில் மூன்று கோடியே அறுபது இலட்சமாக்கும் யோசனை வைக்கப்பட்டது. கொழும்பில் இருந்து புறப்பட்ட எல்லை இவ்வளவு வேகமாக வடக்கு நோக்கி வருகிறது என்றால், தூள் விற்கும் பெண் அதை நோக்கி ஏற வேண்டியதில்லை. அதுவாகவே அவள் முற்றத்துக்கு வந்துவிடும். அப்போது அவளும் கொழும்புக் கம்பனிக்குச் சமமாகப் பதியலாம், காலாண்டுக்கு ஒருமுறை எழுதலாம், பிந்தினால் தண்டமும் கட்டலாம்.