ஒரே ஒரு புத்தகம்

கேள்வி: இலச்சினையும் சுவரொட்டியும் வடிவமைக்கிறேன். ஒரே ஒரு புத்தகம் வாசிக்கத்தான் நேரமுண்டு. எது? – வாசகி, ஹந்தானை

பதில்: உங்கள் மலையடிவாரத்து ஊர்களைப் பற்றியதையே வாசியுங்கள். ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட 'மிடீவல் சிங்களீஸ் ஆர்ட்'. கனிம ஆய்வுத் துறைத் தலைவராக இருந்த கொழும்புத் தமிழர், கல்லைத் தேடிப் போன இடத்தில் கண்டி நாட்டின் தச்சரையும் கொல்லரையும் நெசவாளரையும் கண்டுகொண்டார். லியவெல என்னும் கொடி அலங்காரம் எப்படி வளைகிறது, எந்த உளி எதற்கு என்பதோடு அவர் நிற்கவில்லை. கைவினைஞருக்குச் சோறு போட்டது எது என்றும் கேட்டார். சேவைக்கு ஈடாகக் கிடைத்த நிலம் என்பது விடை. கூலி பேசத் தயங்கும் வடிவமைப்பாளர்கள் முதலில் வாசிக்க வேண்டிய பகுதி அதுதான். ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மொரிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்திலிருந்து வந்த கையச்சுப் பொறியில், தம் மேற்பார்வையிலேயே 425 பிரதிகள் அச்சிட்டார். புத்தகமே ஒரு வடிவமைப்புப் பாடம்.

பழம்பெருமை பேசும் நூல், கணினிக்காரிக்கு எதற்கு என்பீர்கள். மன்னராட்சிக் காலத்தை அவர் சற்று அதிகமாகவே அழகுபடுத்துகிறார் என்பது உண்மை. சாதிக் கட்டின் சுமை அவர் எழுத்தில் லேசாகிவிடுகிறது. அங்கே அவரோடு சண்டை போடுங்கள். ஆனால் மென்பொருள் வருடத்துக்கொரு முறை மாறும். ஒரு கோடு சட்டத்துக்குள் எப்படி அடங்க வேண்டும் என்ற கணக்கு மாறுவதில்லை. 1956-இல் மறுபதிப்பு வந்தது. பேராதனை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பிறகு எம்பக்கே தேவாலயத்துத் தூண்களில் செதுக்கிய பிணைந்த அன்னங்களைப் பென்சிலால் வரைந்து பாருங்கள். கைப்பேசியில் படமெடுத்தால் கணக்கில் சேராது.