பரிந்துரை எங்கே போயிற்று?

கேள்வி: உள்நாட்டுப் போர் நடந்த நாட்டில் மனித உரிமை ஆணையம் உருப்படியாக வேலை செய்ததா என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்: ஆண்டறிக்கையின் பருமனை வைத்து மட்டும் சொல்லாதீர்கள்! துப்பாக்கி வைத்திருப்பவர் சொன்ன கதையை ஒரு தடவையாவது அது உடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நேபாள ஆணையம் 2000-இல் பிறந்தபோது மாவோயிஸ்ட் போர் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 2003 ஆகஸ்டில் ராமேசாப் மாவட்டத்தின் தோரம்பாவில் 19 பேர் செத்தார்கள். மோதலில் செத்ததாகச் சொன்னது ராணுவம். ஆணையம் அனுப்பிய குழு விசாரித்துவிட்டு, பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டிருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. அதுவும் போர் நடக்கும்போதே! இந்த ஒரு காரியத்துக்காகவே நான் அதற்கு நல்ல மதிப்பெண் போடுவேன்.

அரசு காது கொடுத்ததா என்றால், 2020 வரையான 20 ஆண்டுப் பரிந்துரைகளில் முழுமையாக நிறைவேறியவை ஏழில் ஒரு பங்குகூட இல்லை. இந்தத் தோல்வியை ஆணையத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம். 2020 அக்டோபரில் அது, தான் யார்மீது நடவடிக்கை கோரியதோ அவர்களின் பெயர்களையே ஊரறிய வெளியிட்டது. போலீஸ், ராணுவ அதிகாரிகளும் அதில் உண்டு. இனி வழக்குப் போட வேண்டியவர்கள் காத்மாண்டுவில் ஆட்சியில் இருப்பவர்கள்.