திண்டுக்கல் கிட்டாரில் வடகலையும் தென்கலையும்

நாகல்நகர் முதல் பேகம்பூர் வரை மொட்டைமாடிகளில் கிட்டார் பழகுவோரை ஆராய்ந்தவிடத்து, அவர் இருவகைப்படுவர் என்பது புலனாகும்: டேப் பார்த்து வாசிப்போர், காதால் கேட்டு வாசிப்போர். இரு தரப்புக்கும் மூலபாடம் ஒன்றே. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா', ஆர். சந்திரசேகரின் கிட்டார். சிலர் 'மூடுபனி'யின் (1980) 'என் இனிய பொன் நிலாவே'யில் தொடங்குவர். இரண்டிலும் நிலா வருவதால், கிட்டாருக்கும் சந்திரனுக்கும் தொடர்புண்டு எனத் துணியலாம். இதை இதுவரை யாரும் மறுக்கவில்லை, கேட்கவும் இல்லை.

டேப் என்பது ஆறு கோடு. கோட்டுக்கு ஒரு கம்பி. கோட்டின்மேல் எந்த எண்ணோ அந்த ஃப்ரெட்டில் விரல். பூஜ்யம் என்றால் விரலே வேண்டாம். தாளில் மேலே இருக்கும் மெல்லிய கம்பி மடியில் கீழே இருக்கும். இந்தத் தலைகீழ் பிடிபடும்வரை வரும் நிலா, பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாத நிலா.

இம்முறை நேற்று முளைத்ததன்று. ஸ்பெயினின் வாலென்சியாவில் லூயிஸ் மிலான் 1536இல் வெளியிட்ட, விஹுவேலா என்னும் கிட்டார் உறவுக் கருவிக்கான நூலிலும் இதே கோடு, இதே எண். ஆனால் அவர் எண்களுக்கு மேலே காலக்குறியும் போட்டார். கைபேசிக்கு வந்து சேர்ந்த டேப்பில் பெரும்பாலும் அது உதிர்ந்துவிட்டது. எங்கே தொடுவது என்று சொல்லும். எப்போது என்று சொல்லாது.

ஆகலின், வைணவரின் பூனை-குரங்கு உவமைப்படி, டேப்காரர் தென்கலையார். பூனை குட்டியைக் கவ்விப்போய் ஐந்தாம் ஃப்ரெட்டில் வைக்கும்; குட்டி கண் திறக்கவும் வேண்டாம். காதுக்காரர் வடகலையார், குரங்குக்குட்டியாய் மெட்டைத் தாமே இறுகப் பற்றவேண்டும். சிறுமலைச் சாலை அருகிலிருப்பதால் குரங்குக்கு நேரடிச் சான்று ஏராளம்.

வள்ளுவர் 'கேள்வி'க்கென 42ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார், டேப்புக்கு ஒதுக்கினாரா என்பர் காதுக்காரர். வலுவான வாதம்தான். ஆனால் மெல்லிய கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் ஸ்வரம், இரண்டாம் கம்பியில் 5, மூன்றில் 9, நான்கில் 14ஆம் ஃப்ரெட்டிலும் வரும். 'இதேதான்' என்று காது சொல்லும். எந்த இதே? விரல் தேடி அலையும்.

கேசட் காலத்துக் காதுக்காரருக்கு இன்னொரு கண்டம். பேட்டரி இறங்கினால் மோட்டார் தளரும், மோட்டார் தளர்ந்தால் சுருதி இறங்கும். சினிமாவில் இல்லாத சுருதியில் பாட்டைப் பாடம் செய்துவிட்டு, தியேட்டரில் ஓடியதே தப்பு என்று சாதித்தவர்கள் உண்டு. என் கட்சி இவர்கள் பக்கம்தான், காரணம் கேட்கக்கூடாது.

இறுதிச் சோதனை கல்யாண மண்டபத்தில். பாடகர் திரும்பி, "தம்பி, அரைக்கட்டை இறக்கிக்குங்க" என்கிறார். காதுக்காரர் ஒரு ஃப்ரெட் பின்னால் நகர்ந்து தடவிப் பார்க்கிறார். டேப்காரர் கைபேசியைப் பார்க்கிறார். அதில் அதே எண்கள். கேப்போ மாட்டலாமே என்றால், அது சுருதியை ஏற்றுமேயொழிய இறக்காது. வேறு வழியின்றி ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறார். நான்காம் கம்பிக்கு வரும்போது சீரகச்சம்பா பிரியாணிக்கு இலை போட்டாயிற்று. பாடகரே முதல் பந்தியில்.