பேசாலைக் கரையில் பற்றாத எஞ்சின்: ஓர் அளவையியல் ஆய்வு

1. ஆய்வுப் பிரச்சினை

மன்னார்த் தீவில் பேசாலை, தலைமன்னார், தாழ்வுபாடு, பள்ளிமுனை என எந்தக் கரையை எடுத்தாலும், பழைய அவுட்போட் எஞ்சின் ஒன்று ஸ்டார்ட் ஆக மறுக்கும் காலைப்பொழுது உண்டு. கயிற்றை ஒருவர் இழுக்கிறார். சுற்றி நால்வர் கூடுகின்றனர். எஞ்சின் ஏன் பற்றவில்லை என்பதை மெக்கானிக்குகளிடம் விட்டுவிடலாம். இழுப்பவருக்குத் தெரியாத காரணம் இழுக்காத நால்வருக்கும் எப்படித் தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் பிரச்சினை.

2. வரலாற்றுப் பின்னணி

ஓல் எவின்ரூட் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1909இல் தம் வெளியிணைப்பு (அவுட்போட்) எஞ்சினை விற்பனைக்கு விட்டார். வெயிலில் ஏரியைத் துடுப்பால் வலித்துக் கடந்து வாங்கிவந்த ஐஸ்கிரீம் உருகிப்போனதே அவரைத் தூண்டியது என்று ஒரு கதை உண்டு. அதாவது, எதுவும் உருகக்கூடாது என்றுதான் இந்த எஞ்சினே பிறந்தது. மன்னாரில் அது பற்றாமல் நிற்கையில் மீன்பெட்டியின் ஐஸ் உருகுகிறது. கண்டுபிடிப்பு வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறது.

இலங்கைக் கரையோரத்தில் பரவலாக உள்ளது மண்ணெண்ணெய் எஞ்சின். பெற்றோலில் எழும்பும், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். அணைக்குமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும். அந்தச் சொற்பப் பெற்றோலை மிச்சம் பிடித்தவரின் பிளக்கில் மறுநாள் ஈரமும் கரியும் இருக்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே பாய்ச்சலில் ஏறியது. அதுவரை "இன்னும் கொஞ்சம் எண்ணெய் அடிச்சுப் பார்" என்பது இலவச ஆலோசனை. அதன்பின் அது கடன்பத்திரம்.

3. காட்சி அளவை

அறிவு பெறும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்தது சைவ சித்தாந்தம். மூன்றும் கடற்கரையில் கைவசம் உள்ளன.

முதலாவது, பிளக்கைக் கழற்றி, அதன் உலோக உடம்பை எஞ்சினில் தொடவைத்து, கயிற்றை இழுத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பது. நீலமாக ஒரு கீற்றுப் பாய்ந்ததும் "கரண்ட் இருக்கு" என்று தீர்ப்பாகிவிடும். இங்கே பிரட்றிக் பாஷன் குறுக்கிடுகிறார். வாயுவில் பொறி பாயத் தேவையான மின்னழுத்தம் இடைவெளியை மட்டுமன்றி வாயுவின் அமுக்கத்தையும் பொறுத்தது என்று 1889இல் காட்டியவர் அவர். திறந்த வெளியில் மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ற்று போதும். சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் பலமடங்கு நெருக்குண்டு கிடக்கையில் அது போதாது. பிளக்குக்கு மின்னழுத்தம் தரும் கொயில் நலிந்திருந்தால், வெளியே வீரம் காட்டும், உள்ளே படுத்துவிடும். ஆகவே கண்ணால் கண்டதும் பொய்.

4. கருதல் அளவை

கழற்றிய பிளக் ஈரமென்றால் எண்ணெய் வருகிறது, நெருப்பைத் தேட வேண்டும். காய்ந்திருந்தால் எண்ணெயே வரவில்லை, நெருப்பைக் குறை சொல்வது அநியாயம். புகையிலிருந்து நெருப்பை ஊகிப்பது நம் தருக்க நூல்களின் தேய்ந்துபோன உதாரணம். நெருப்பின்மையை ஊகிக்க நனைந்த பிளக்கைச் சான்றாக்கியது கடற்கரையின் பங்களிப்பு.

5. உரை அளவை

ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு இங்கேதான். கயிற்றைப் பிடித்திருப்பவர் பிளக்கைச் சந்தேகிக்கிறார். படகின் விளிம்பில் கைவைத்திருப்பவர், "வயரைப் பார் தம்பி" என்கிறார். பக்கத்துப் படகில் சாய்ந்திருப்பவர், "கொயில் போச்சு." மீன்வாடி நிழலில் தேநீரோடு இருப்பவர், கொயிலுக்கு மின்னைக் கொட்டும் பெட்டியையே பிடிக்கிறார்: "சீடிஐதான், வேறொண்டும் இல்லை." வீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே எட்டிப் பார்ப்பவர், "வித்துப்போட்டுப் புதுசு எடு மச்சான்!"

இதிலிருந்து பெறப்படும் தூர–விலை விதி: கயிற்றிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறாரோ, அவர் சந்தேகிக்கும் உறுப்பின் விலையும் அவ்வளவு உயரும். ஒப்பீட்டுக் குழுவாகக் கொள்ளப்பட்ட மன்னார்க் கழுதைகள் எந்தத் தூரத்தில் நின்றும் கருத்துக் கூறவில்லை. விதி மனிதருக்கே உரியது என்பது இதனால் உறுதியாகிறது.

காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தரும் அந்தோனியாரிடம் காணாமற்போன நெருப்பையும் முறையிடுவோர் உண்டு. அவரை இவ்விதி கட்டுப்படுத்தாது. அவர் எந்த உறுப்பையும் வாங்கச் சொல்வதில்லை.

6. எதிர்முறை

பழுது இருக்கும் வரிசை பெரும்பாலும் தூரத்தில் நிற்பவர்கள் சந்தேகிக்கும் வரிசைக்குத் தலைகீழ். முதலில் காசே செலவாகாதவை: எஞ்சினை அணைக்கும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் அதனிடத்தில் மாட்டியிருக்கிறதா? எண்ணெய்த் தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அது மூடியிருந்தால் எஞ்சின் சற்று ஓடி, நடுக்கடலுக்கு வாகான தூரத்தில் நின்றுவிடும். அடுத்தது பிளக்: துடை, தேவையானால் மாற்று.

பிறகு அணைக்கும் வயர். இவ்வகை எஞ்சின்களில் அந்த வயர் உடம்பைத் தொட்டால் நெருப்பு நின்றுவிடும். நிறுத்தும் முறையே அதுதான். உப்பேறிய சுவிச்சோ, உரசித் தேய்ந்த வயரோ நாம் கேளாமலே எஞ்சினை நிறுத்திவைக்கும். அந்த வயரைச் சீடிஐயிலிருந்து கழற்றியதும் பொறி வந்தால், குற்றவாளி சுவிச்சோ அந்த வயரோதான். சோதித்தபின் திரும்ப மாட்டாவிட்டால் எஞ்சினை அணைக்க வழியிராது. அதன்பின் இணைப்புகளில் பூத்த பச்சைக் களிம்பைச் சுரண்டவேண்டும். பறப்புச்சில்லின் காந்தம் சுருளில் மின்னை எழுப்பி, சீடிஐ அதைச் சேர்த்துவைத்து ஒரே கணத்தில் கொயிலுக்குக் கொட்டும் நெடும்பாதையில், ஒரு களிம்புப் பொட்டு போதும் வழிமறிக்க. இத்தனையும் தேறினால்தான் கொயிலையும் சீடிஐயையும் விசாரணைக்கு அழைக்கலாம்.

7. பரிந்துரைகள்

அ) கருத்துக் கூற விரும்பும் எவரும் அதற்குமுன் கயிற்றை ஒருதரம் இழுக்க வேண்டும்.

ஆ) உறுப்பின் பெயரைச் சொல்பவரே அதன் விலையில் பாதியைத் தர வேண்டும்.

இ) இவ்விரண்டையும் கடற்றொழிலாளர் சங்கங்கள் நடைமுறைப்படுத்தினால், வீதியில் நிற்பவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். அவருடையது முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகும்.