வுல்வரினுக்குத் தீர்வை எவ்வளவு?

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
அமெரிக்கச் சுங்கத்துறை,
வாஷிங்டன்.

பொருள்: எக்ஸ்-மென் படங்களை இனிமேல் தங்கள் துறையே எடுத்துத் தரும்படி வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

சுங்கத்துறைக்கு ரசிகர் கடிதம் வருவது அபூர்வமாகத்தான் இருக்கும். பெட்டியைத் திறக்கச் சொல்லி, மடித்து வைத்த வேட்டிக்கு நடுவிலிருந்து ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்துப் போடுகிறவர்களை யாரும் பாராட்டி எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன். எக்ஸ்-மென் கதையின் சாரத்தைப் பிடித்தவர்கள் இந்தப் பூமியில் நீங்கள் மட்டும்தான். அதற்காக ஒரு வழக்கே நடத்தித் தோற்றிருக்கிறீர்கள். இருபது வருடத்துக்கு மேலாகியும் ஒருவரும் ஆறுதல் சொல்லாதது எங்கள் ரசிகர் கூட்டத்துக்கே அவமானம்.

கோப்பு பழசாகிவிட்டதால் நினைவூட்டுகிறேன். 1990-களில் டாய் பிஸ் என்ற நிறுவனம் எக்ஸ்-மென் பொம்மைகளை இறக்குமதி செய்தது. உங்கள் அட்டவணையில் அப்போது இரண்டு தலைப்புகள். மனிதரை மட்டுமே குறிக்கும் உருவம் என்றால் அது 'டால்', தீர்வை 12 சதவீதம். மிருகம், ரோபோ, பூதம் என்று மனிதரல்லாத எதுவானாலும் அது 'டாய்', 6.8 சதவீதம். எங்கள் மொழியில் இரண்டுக்கும் பொம்மை என்று ஒரே சொல். இந்த வழக்கு சென்னையில் நடந்திருந்தால் முதல் வாய்தாவிலேயே முடிந்திருக்கும்.

நீங்கள் சொன்னீர்கள்: இவர்கள் மனிதர்கள், 12 சதவீதம் கட்டு. நிறுவனம் சொன்னது: ஐயையோ, இவர்கள் மனிதர்களே இல்லை, 6.8 போதும்.

இங்கேதான் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். 1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கதைக்கு உயிர் ஒன்றே ஒன்றுதான். மியூட்டன்டுகள் எனப்படும், பிறப்பிலேயே வேறுபட்ட சிலரைப் பார்த்து ஊர் 'நீ மனிதனில்லை' என்கிறது. அவர்கள் 'நாங்களும் மனிதர்கள்தான்' என்கிறார்கள். அதை வைத்துத்தான் நாற்பது வருடம் வியாபாரம் நடந்தது. டாய் பிஸ் 1998-இல் மார்வெலோடு ஒன்றாகிவிட்டது. ஆக, அந்தப் பிள்ளைகளைப் பெற்ற வீடே வக்கீல் வைத்து, 'எங்கள் பிள்ளைகள் மனிதர்களில்லை, தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்' என்று நியூயார்க் சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தில் வாதாடியது. மனிதர்கள்தான் என்று எதிர்த்து நின்றது நீங்கள், பரிசோதனை மேஜைக்காரர்கள்.

2003 ஜனவரியில் நீதிபதி ஜூடித் பார்சிலே பொம்மைகளை ஆராய்ந்து, நகம், வால், நிறம் எல்லாவற்றையும் கவனித்து, இவர்கள் மனிதரல்லர் என்று தீர்ப்பளித்தார். நிறுவனத்துக்கு 5.2 சதவீதம் மிச்சம். ரசிகர்கள் கொதித்ததும், எங்கள் நாயகர்கள் மனிதர்களேதான் என்று அதே நிறுவனம் சமாதானமும் சொன்னது. நீதிமன்றத்தில் ஒரு சத்தியம், வாசலில் வேறொரு சத்தியம்.

அதே வருடம் மே மாதம் எக்ஸ்-மென் இரண்டாம் படம் வந்தது. பாபி என்ற பையன் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து, தான் யாரென்று பெற்றோரிடம் சொல்கிறான். அம்மா தயங்கித் தயங்கி, மியூட்டன்டாக இல்லாமல் இருக்க முயன்று பார்த்தாயா என்று கேட்கிறாள். டீயைத் தொட்டு உறையவைத்து அவன் கோப்பையைக் கவிழ்க்கும் இடமும் உண்டு. தேநீர் அப்படியே பனிக்கட்டியாகத் தட்டில் விழுகிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. வழக்கு விவரம் அப்போது தெரிந்திருந்தால் சிரித்திருப்பேன். அந்த அம்மாவுக்கு யாராவது 5.2 சதவீதக் கணக்கைச் சொல்லியிருந்தால், உள்ளே போய் வடை சுட்டுக்கொண்டு வந்திருப்பாள்.

சரி, இதற்கும் படம் எடுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அட்டையில் எழுதியிருப்பதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது உங்கள் தொழில். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு பாக்கெட் வாங்கினேன். விலை 25 ரூபாய். அட்டையில் நாலு பேர் பாய்கிற படம்: சைக்ளாப்ஸ், ஸ்டார்ம், ரோக், வுல்வரின். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே மூன்று வுல்வரின், ஒரு ஸ்பைடர்மேன். திரும்ப ஓடினேன். கடைக்கார அண்ணன் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் காற்றடித்துக்கொண்டே, "எல்லாரும் அவனத்தான் தம்பி கேக்குறாங்க. மத்ததெல்லாம் ஓடல" என்றார்.

ஃபாக்ஸ் நிறுவனம் 2000 முதல் 2020 வரை எடுத்த பதின்மூன்று படங்களின் தத்துவம் முழுக்க இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது.

அட்டையில் பன்மை, உள்ளே ஒருமை. அணியின் தலைவன் சைக்ளாப்ஸ். மூன்றாவது படத்தில் அவன் சாவதைக்கூடக் காட்டவில்லை. மூக்குக்கண்ணாடி மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது, எடுத்துப் பார்ப்பது வுல்வரின். 1981-இல் காமிக்ஸில் வந்த 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' கதையில் எதிர்காலத்திலிருந்து கடந்த காலத்துக்கு வருகிறவள் கிட்டி பிரைட் என்ற பெண். கார்ட்டூனில் பிஷப் என்பவன் வந்தான். 2014 படத்தில் யார் வந்தது? நீங்களே ஊகித்திருப்பீர்கள். 1973-இல் கிட்டி பிறந்திருக்கவே மாட்டாள் என்று காரணம் சொன்னார்கள். அவளுக்குக் கொடுத்த வேலை, அவன் தூங்கும்போது தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றிப்பொட்டில் கை வைத்திருப்பது. எங்கள் வீடுகளில் இதற்கு விக்ஸ் தேய்ப்பது என்று பெயர்.

சரக்கின் அளவையும் பாருங்கள். காமிக்ஸ் வுல்வரின் சுமார் 160 சென்டிமீட்டர். குள்ளன், முரடன், அந்தக் குள்ளத்தில்தான் அவன் கோபமே இருக்கிறது. இறக்கியது ஹியூ ஜாக்மன், 188. ஒரு சாணுக்கு மேல் கூடுதல். நல்ல நடிகர், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் மேஜையில் இது தப்பியிருக்காது. மஞ்சள் உடுப்பு வேறு. முதல் படத்தில் எல்லோருக்கும் கறுப்புத் தோல் மாட்டி, மஞ்சளைக் கிண்டலடித்து ஒரு வசனமும் வைத்தார்கள். அந்த மஞ்சளை அவர் போட்டுக்கொண்டு வந்தது 2024-இல், 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' படத்தில். தியேட்டர் எழுந்து கத்தியது. 24 வருடம் ஒரு சட்டையை இஸ்திரி போட்டார்கள்.

எதிரி மேக்னீட்டோவின் வயதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. 1944-இல் போலந்து வதைமுகாமில் சிறுவன். 1992-இல் நடக்கும் 'டார்க் ஃபீனிக்ஸ்' படத்தில் அறுபதை நெருங்க வேண்டும். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் புது மாப்பிள்ளை மாதிரி வருகிறார். அடுத்த பத்துப் பதினைந்து வருடத்துக்குள் அவரே, முதல் படங்களில் மூத்த மேக்னீட்டோவாக வந்த இயன் மெக்கெல்லன் ஆகிவிட வேண்டும். காலக்கோடு மாறிவிட்டது என்பார்கள் ரசிகர்கள். காலக்கோடு மாறட்டும். முகத்துக் கோடு எங்கே போயிற்று?

இப்போது கார்ட்டூன் பக்கம் வாருங்கள். 1992 அக்டோபர் 31-இல் தொடங்கி 1997 வரை 76 அத்தியாயங்கள். பள்ளி விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் பார்த்தது. ஓவியம் சுமார்தான், அதை மறைக்க மாட்டேன். நடக்கும்போது கால் ஒரு பக்கம் போகும், உடம்பு ஒரு பக்கம் போகும். ஸ்டார்ம் ஒரு சின்னக் காற்றைக் கூப்பிடவும் மேடை நாடக ராணி மாதிரி முழங்கிவிட்டுத்தான் கூப்பிடுவாள். சிறுவர் நிகழ்ச்சி என்பதால் வுல்வரின் நகத்தை மனிதர்மேல் இறக்க முடியாது. சென்டினல் இயந்திரங்களைத்தான் கிழிக்க வேண்டும். ரத்தம் காட்ட முடியாததால் எழுதினவர்களுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. பாத்திரங்களைப் பேசவிட்டார்கள்.

அதனால் என்ன நடந்தது பாருங்கள். முதல் கதையிலேயே அணியில் ஒருவன், மார்ஃப், செத்துப்போகிறான். இன்னொருவன், பீஸ்ட், நீல ரோமமும் கண்ணாடியுமாகப் படித்த மனிதன், போலீசில் மாட்டுகிறான். வழக்கமான கார்ட்டூனில் அடுத்த வாரமே மீட்டுவிடுவார்கள். இதில் அவன் முதல் பருவத்தின் பெரும்பகுதி சிறையில். ஜாமீன் கிடைக்கவில்லை. மேக்னீட்டோ சுவரைப் பிளந்துகொண்டு வந்து கூப்பிடுகிறான். பீஸ்ட் போக மறுக்கிறான். நீதிமன்றம் தன்னை விசாரிக்கட்டும், அங்கேயே சொல்கிறேன் என்கிறான். ஒரு நீலக் குரங்கு சட்டத்தின்மேல் வைத்த நம்பிக்கையைப் பார்த்துவிட்டு நான் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன். பத்து வருடம் கழித்து அவன் ஆசைப்பட்ட மாதிரியே நீதிமன்றம் விசாரித்தது. முடிவு உங்களுக்குத் தெரியும்.

ரோக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவள் யாரைத் தொட்டாலும் அவர்கள் சக்தி உறிஞ்சப்படும். அதனால் யாரையும் தொட முடியாது. குணமாக்க மருந்து இருக்கிறது என்கிறார்கள். கார்ட்டூனில் அவள் அங்கே வரைக்கும் போய், யோசித்து, வேண்டாம் என்று திரும்புகிறாள். அரை மணி நேர நிகழ்ச்சி, நடுவில் கார்ன்ஃபிளேக்ஸ் விளம்பரம். 2006 படத்தில் அவளே வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொள்கிறாள். நீதிமன்றக் கணக்கில் அந்த நிமிடமே அவள் தீர்வை 12 சதவீதமாக ஏறியிருக்க வேண்டும்.

ஃபீனிக்ஸ் கதைக்கும் அதன் தொடர்ச்சியான டார்க் ஃபீனிக்ஸ் கதைக்குமாகக் கார்ட்டூன் ஒன்பது அத்தியாயம் ஒதுக்கியது. அணியிலுள்ள ஜீன் என்ற பெண் நல்லவளாகச் சக்தி பெற்று, மெல்ல மெல்ல அது அவளைத் தின்பதைப் பார்க்க நேரம் இருந்தது. 2006-இல் அதை வேறொரு கதைக்குள் செருகிக் கெடுத்தார்கள். அதை எழுதிய இருவரில் ஒருவரான சைமன் கின்பெர்க்கிடமே 2019-இல் மறுபடி கொடுத்தார்கள், இந்த முறை இயக்கவும் சேர்த்து. ஃபெயிலான பையனையே அந்தப் பாடத்துக்கு வாத்தியாராகப் போட்டது வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

நியாயமாகவும் இருக்க வேண்டும். இரண்டாம் படத்தில் நைட்கிராலர் வெள்ளை மாளிகைக்குள் புகையாய்த் தோன்றித் தோன்றி மறையும் காட்சியைக் கார்ட்டூன் கனவிலும் செய்ததில்லை. 'லோகன்' பார்த்து அழுதேன். அதுவும் வுல்வரின் படம்தான், மன்னித்துவிட்டேன். ஆனால் அதில் வரும் சிறுமி லாரா எங்கே பிறந்தாள்? 'எக்ஸ்-மென்: எவல்யூஷன்' என்ற கார்ட்டூனில். அங்கிருந்து காமிக்ஸுக்குப் போய், அங்கிருந்து படத்துக்கு வந்தாள். தாய்வீட்டுச் சீதனம்.

பக்கத்து வீட்டிலும் இதே கதைதான். ஜஸ்டிஸ் லீக் கார்ட்டூன் 2001-இல் ஏழு பேரை ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்துச் சண்டை போடவைத்து அழகு பார்த்தது. 2017 படத்தில் நடுவில் இயக்குநர் மாறி, இன்னொரு படத்துக்காக வளர்த்த சூப்பர்மேனின் மீசையைக் கணினியில் அழித்து, மேலுதடு கொழுக்கட்டை மாதிரி ஆகி, பிறகு 2021-இல் நாலு மணி நேரத்துக்கு மறுபடி வெளியிட்டார்கள். அது வேறு துறைமுகம், விடுங்கள்.

2019 மார்ச் 20-இல் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கியது. சரியாக ஐந்து வருடம் கழித்து அதே தேதியில் 'எக்ஸ்-மென் 97' வந்தது. பழைய கார்ட்டூனின் தொடர்ச்சி, பழைய வுல்வரினுக்குக் குரல் கொடுத்த அதே கால் டாட். ஐந்தாவது அத்தியாயத்தில் ஜெனோஷா தீவு. மியூட்டன்டுகளுக்கென்று ஒரு நாடு, விருந்து, இசை. திடீரென்று வானத்திலிருந்து இயந்திரம் இறங்குகிறது. அணியில் ஒருவனான கேம்பிட்டின் உடம்பைக் குத்திக்கொண்டு அதன் கை வெளியே வருகிறது. தொட்டதையெல்லாம் வெடியாக்குவது அவன் வித்தை. குத்திய இயந்திரத்தையே தொட்டுக்கொண்டு வெடித்துப்போகிறான். பிறகு சாம்பலுக்கு நடுவில் ரோக் அவனை மடியில் போட்டு, வாழ்நாள் முழுக்கத் தொட முடியாத கையால் தொடுகிறாள். வுல்வரின் அந்தத் தீவிலேயே இல்லை. யாரும் அவனைக் கேட்கவில்லை, ஐயா. உலகமே கேம்பிட்டுக்காக அழுதது. 'மத்ததெல்லாம் ஓடல' என்ற கடைக்கார அண்ணனுக்கு இந்த அத்தியாயத்தைப் போட்டுக்காட்ட ஆசை.

2025 மார்ச்சில் புதிய அவெஞ்சர்ஸ் படத்தில் பழைய எக்ஸ்-மென் நடிகர்களும் வருகிறார்கள் என்பதை, பெயர் எழுதிய நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் நேரலையில் காட்டி அறிவித்தார்கள். நானும் உட்கார்ந்து பார்த்தேன், வேலை வெட்டி இல்லாமல். சரக்குப் பட்டியல் தயார். சரக்கு சரிதானா என்று பார்க்கத்தான் ஆளில்லை. ஆகவே அடுத்த படத்தின் கதைப் பிரதி, படப்பிடிப்புக்கு முன் தங்கள் மேஜைக்கு வர உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தலைப்பில் எத்தனை பேர், கதையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் போதும். எண்ணத் தெரிந்தவர்கள் நீங்கள்.

இப்படிக்கு,
தங்கள் ஒரே ரசிகன்.

இணைப்பு: மேற்படி திருவிழா பாக்கெட்டில் வந்த வுல்வரின் ஒன்று. வலது கை நகங்கள் ஐந்தாம் வகுப்பிலேயே உடைந்துவிட்டன. இடது கையில் வாங்கும்போதே இல்லை. மஞ்சளும் உதிர்ந்துவிட்டது. மீசையில்லை, வாலில்லை. அன்புகூர்ந்து ஒரு முறை மேஜையில் வைத்துப் பார்க்கவும். 2007-இல் டாலும் டாயும் ஒரே தலைப்புக்குள் வந்துவிட்டன என்று அறிவேன். இருந்தாலும் 25 ரூபாய்க்கு 12 சதவீதம், ஸ்பைடர்மேனுக்கும் சேர்த்து, 3 ரூபாய்க்குத் தபால்தலை வைத்திருக்கிறேன். ரசீது தரவும்.