ஒயர் சார்

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் சமையல் மேடையின் கிரானைட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒயர் சார் டிவிக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். வெளியே வந்ததும் ஒரே கேள்விதான்: “கரண்ட் ஒயரையும் நெட் ஒயரையும் ஒரே பைப்ல விட்டிருக்கானா?” வீட்டுக்காரருக்குப் பாயசம் தொண்டையில் நிற்கும்.

சென்னையில் அடுக்ககத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் டெஸ்டர். பரணில் ஒரு மூட்டை. தூர்தர்ஷன் ஆன்டெனாவின் 300 ஓம் பட்டை ஒயரிலிருந்து டிவிடி பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வரை எல்லாம் அதில் உண்டு. எதையாவது தூக்கிப் போடலாமா என்று அவர் மனைவி கேட்டால், “என்னைக்காவது தேவைப்படும்” என்பார். தேவைப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

அவரோடு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவது தனி அனுபவம். கடைக்காரர் 305 மீட்டர் கேட்-6 நெட் ஒயர் பெட்டியை எடுத்து வைப்பார். ஒயர் சார் விலை கேட்க மாட்டார், தூக்கிப் பார்ப்பார். லேசாக இருந்தால் முகம் கோணும். உடனே பிளேடு வெளியே வரும். கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். “அலுமினியத்துக்குத் தாமிரம் பூசியிருக்கான். இதுல கேமராவுக்குக் கரண்டும் சேர்த்து அனுப்பினா சூடாகும்.” கடைக்காரர், “சார், எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க” என்பார். இதற்குப் பதில் சொல்வது அவருக்குக் கௌரவக் குறைவு.

தங்க முலாம் பூசிய ஹெச்டிஎம்ஐயைக் காட்டினால் இன்னும் மோசம். “முலாம் இருந்தா பின்னு கறுக்காது. பெசன்ட் நகர் உப்புக் காத்துக்குச் சரி. படம் எப்படிங்க பளபளக்கும்? டிஜிட்டல்னா வந்தா முழுசா வரும், இல்லைன்னா விட்டு விட்டு வரும். தங்கம் வேணும்னா தி.நகர் போங்க.” கேட்-8 கேட்டு வந்த இளைஞனையும் விடமாட்டார். “தம்பி, உங்க வீட்ல டேட்டா சென்டரா நடத்துறீங்க?”

நெட் ஒயருக்குக் கனெக்டர் போடும்போது மட்டும் குரல் தணியும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று சகஸ்ரநாமம் போல முணுமுணுப்பார். ஜோடி ஜோடியாக அழகாக அடுக்கிவிட்டு, ரெண்டு முனையிலும் ஒரே வரிசைதானே என்று எலெக்ட்ரீஷியன் வாதாடினால், அன்றைக்கு வேலை நடக்காது. அப்படிப் போட்டாலும் நெட் ஒயர் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். வேகம் மட்டும் படுத்துவிடும். அவர் சொல்வது சரி. சிக்கலே அதுதான்: அவர் சொல்வது எப்போதும் சரி, சொல்கிற நேரத்தில் எவருக்கும் காது கிடையாது. சுவர்ப் பூச்சுக்கு முன்னால் அவர் கேட்பது இரண்டே: ஹெச்டிஎம்ஐ தலை நுழைகிற அகலத்தில் ஒரு பைப், அதற்குள் ஒயர் இழுக்க ஒரு நைலான் கயிறு. வீட்டுக்காரரோ அப்போது டைல்ஸ் கனவில் இருப்பார்.

மூன்றாவது மாடிக்காரர் பைப்பை மட்டும் கேட்டபடி போட்டார். கயிற்றை மறந்தார். ஹாலுக்கு நீளமான ஃபைபர் ஹெச்டிஎம்ஐ இழுத்து, சுவரைப் பூசி, பெயின்ட் அடித்து, உறவினரை எல்லாம் மேட்ச் பார்க்கக் கூப்பிட்டுவிட்டார். திரை கறுப்பு. டிவி கம்பெனிக்குப் போன் பறந்தது. ஒயர் சார் வந்தார். டிவி பக்கத்து முனையைப் பிடுங்கிக் கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். ‘சோர்ஸ்’ என்று இருந்தது. ஃபைபர் ஒயருக்குத் தலை வால் உண்டு. ஒரு பக்கமாகத்தான் படம் போகும்.

“முன்னாடியே சொன்னேனே” என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பழைய ஒயரின் வாலிலேயே கயிற்றைக் கட்டி இழுத்து, திருப்பிக் கட்டி மறுபடி இழுத்து, வியர்த்து விறுவிறுத்து டிவிக்குப் பின்னால் போய்ச் செருகினார்.

ஹாலில் ஒரே ஆரவாரம்.

“படம் வருதா?” என்று பின்னாலிருந்து கேட்டார். பதில் இல்லை. எட்டிப் பார்த்து மறுபடி கேட்டார்.

“வருது சார், வருது. கொஞ்சம் தலையை மறைக்காம இருங்க, கடைசி ஓவர்!”