ஐப்பசிப் படையெடுப்பு: குனியாமல் வீட்டைக் காக்கும் வழிகள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. வெயிலுக்குப் பயந்து மண்ணுக்கடியிலும் சுவர் விரிசலிலும் முடங்கிக் கிடந்த உயிர்கள் எல்லாம் அப்போது கிளம்பி நம் வீட்டுப் பக்கம் வரும். தடுப்பதற்கு யோசனை சொல்லாத ஆளில்லை. ஆனால் எல்லோரும் இதைக் கவிழ், அதைத் தேய், மூலையைப் பெருக்கு என்று ஆளை வேலை வாங்குகிறார்கள். இந்தக் கையேட்டில் அந்தத் தொல்லை கிடையாது. குனிந்து செய்ய வேண்டிய வேலை ஒன்றுகூட இதில் இல்லை.

1. கொசு

சுருள், மேட், லிக்விட், கொசு பேட் நான்கையும் வாங்கிவிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு போரைத் தொடங்குங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது என்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். நமக்கு நேரம் ஒழிவது சாயங்காலம்தான்.

ஃபிரிட்ஜின் பின்பக்கம், அடியில் ஒரு தட்டு உண்டு. பனி உருகி வடியும் தண்ணீர் அதில் சேரும். அப்படியொன்று இருப்பதே பல வீடுகளில் ஃபிரிட்ஜை விற்கும் அன்றுதான் தெரியவரும். மேலே தூசிப்படலம். அதற்குக் கீழே வாலை மேலாக வைத்துத் தலைகீழாகத் தொங்கும் புழுக்கள். கை நிழல் பட்டால் போதும், அத்தனையும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போய்விடும். அங்கே முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தட்டைக் கொட்டினால் கதை முடிந்தது. ஆனால் அதற்குக் குனிய வேண்டும். ஆகவே இன்னொரு லிக்விட் பாட்டில் வாங்குங்கள்.

தண்ணீர் டிரம்மைக் காலி செய்தால் போதும் என்று நினைக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள். உள்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தபடியே பல மாதம் தாக்குப்பிடிக்கும். நாரைப் போட்டு அழுத்தித் தேய்த்தால்தான் போகும். தேய்ப்பதும் நம் கொள்கைக்கு விரோதம்.

2. ஈசல்

மழை விட்ட சாயங்காலம் ட்யூப்லைட்டைச் சுற்றிக் கூட்டம் கூடும். அரைமணி நேரம் விளக்கை அணைத்தால் வேறு வெளிச்சம் தேடிப் போய்விடும். சுவிட்ச் நின்றபடியே எட்டக்கூடியதுதான், ஆனால் வீடு இருட்டாக இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? விளக்கு எரியட்டும்.

காலையில் கூடமெங்கும் இறகாகக் கிடக்கும். ஈசல் செத்துவிட்டது என்று முடிவு கட்டுங்கள். உண்மையில் அது இறகை உதிர்த்துவிட்டு ஜோடியோடு ஈர மண்ணையோ உளுத்த கட்டையையோ தேடிப் போயிருக்கும். கரையானின் குடித்தனம் இப்படித்தான் ஆரம்பமாகிறது. சில வருடம் கழித்து நிலைக்கதவில் மண்கோடு ஏறினால் அதன்மேல் பெயிண்ட் அடித்துவிடுங்கள். ஈசலை வறுத்துப் பொரியோடு கலந்து தின்ற கிராமத்து ஆட்களிடம் வேறு வைத்தியம் இருந்தது. அவர்கள் குனிந்து பொறுக்கியவர்கள், நமக்குச் சரிப்படாது.

3. புல்தரையும் நத்தையும்

வாசலில் கொரியன் புல் போட்டிருப்பவர்கள் மழை நாளிலும் ஹோஸ் பிடிக்கத் தவறக் கூடாது. நின்றபடி செய்யக்கூடிய தோட்ட வேலை அது ஒன்றுதான். தரை சொதசொதவென்று ஆனதும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை வரும். 1847இல் பென்சன் என்பவர் மொரிஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. இன்று அதற்கு விசா தேவையில்லை. ஒரே நத்தைக்குள் ஆணும் பெண்ணும் உண்டு. ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேல் முட்டை இடும்.

இருட்டியதும் டார்ச்சோடு போய், கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக்கரைசல் வாளியில் போடுவதுதான் பலன் தரும் வழி. வெறுங்கையால் தொடக் கூடாது. மூளைச் சவ்வைத் தாக்கும் புழுவை அது சுமந்திருக்கலாம். நீங்களோ உப்புப் பையை நின்ற இடத்திலிருந்தே புல்மேல் தூவுங்கள். நத்தையோடு புல்லும் கருகும். புல்லே இல்லாவிட்டால் புல்தரைப் பூச்சி ஏது?

4. மரவட்டை

குளியலறையில் ஒன்று சுருண்டு கிடந்ததும் அலறுங்கள். அது கடிக்காது. மக்கிய இலையைத் தின்று பிழைக்கிற சாது. சுவரோரம் மூன்று மாதமாகக் குவிந்த சருகுதான் அதன் சமையலறை. குவியலைத் தொடாதீர்கள். அதைச் சுற்றிப் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போடுங்கள். அடுத்த மழையில் கோடு கரையும், மறுபடி போடலாம்.

5. பல்லி

சுவரில் முட்டை ஓடு தொங்கவிடுங்கள், மயிலிறகு செருகுங்கள். சம்பளம் இல்லாமல் ஈசலையும் கொசுவையும் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆளை விரட்டிய திருப்தி கிடைக்கும்.

6. பாம்பு

பூண்டு, மண்ணெண்ணெய், அந்துருண்டை மூன்றும் பாம்பை நிறுத்துவதில்லை. எலியும் தவளையும் இருக்கிற இடத்துக்கு அது வரும். வீடு கட்டி மிஞ்சிய செங்கல் அடுக்கு எலிக்கு வசதி. ‘என்றைக்காவது உதவும்’ என்று அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்த ஓரிடத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பாம்பு வீட்டுக்குள் புகுந்தால் தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், 108ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

7. சோதனைக்கு வருபவர்

டெங்கு ஒழிப்புப் பணியாளர் ஒருநாள் கதவைத் தட்டுவார். முதலில் “யாரும் இல்லை” என்று உள்ளிருந்தபடியே சொல்லிப் பாருங்கள். பலிக்காவிட்டால் வழிவிடுங்கள். உங்களுக்காக அவர் குனிவார், ஃபிரிட்ஜ் தட்டை இழுப்பார், “புழு நெளியுதுங்கம்மா” என்பார்.

“நாங்க சுத்தமா இருக்கறவங்க, அது நல்ல தண்ணி” என்று கோபப்படுங்கள். ஏடிஸின் அபிப்பிராயமும் அதுதான். அது சாக்கடையைச் சீந்தாது, தெளிந்த தண்ணீர் பார்த்துத்தான் முட்டையிடும். 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைச் சொல்லி நோட்டீஸ் நீட்டினால், பக்கத்துக் காலி மனையைக் கைகாட்டுங்கள். ஏடிஸ் பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் பறப்பதில்லை, கடித்தது பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த கொசுதான் என்று அவர் விளக்குவார். அப்படியென்றால் இது குடும்ப விஷயம், வெளியாட்கள் தலையிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.